ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு

சேஜ் கிரீக், மொன்டானா
பிப்ரவரி 18, 1996

அண்ணனுக்கு,

வெர்ன் எழுதுறேன். இங்க நானும் மார்னியும் நல்லா இருக்கோம். குளிர் வந்தா என் முதுகுதான் குனிய விடமாட்டேங்குது. உன் கால் எப்படி இருக்கு? பியூட்ல பனி ஜாஸ்தின்னு ரேடியோல சொன்னாங்க.

அப்பா அடக்கத்துக்கு அப்புறம் நாம எழுதிக்கவே இல்ல. ஒம்பது வருஷம். நீ போன் வெச்சிருந்தா போன்லயே கேட்டிருப்பேன்.

மார்னிக்கு மே மாசம் பதினாலு முடியுது. ரிவால்வர் கேக்குறா. வேட்டைக்கு இல்ல, போட்டிக்கும் இல்ல. வேலிக் கம்பத்து மேல தகர டப்பா வெச்சு சும்மா சுடறதுக்கு. பாயிண்ட் டூ டூங்கிற சின்ன அளவு போதும்னு எனக்கே தெரியும். தோட்டா மலிவு, கையும் உதறாது. ஆனா எதை வாங்குறது? மைல்ஸ் சிட்டி கடைக்காரன் ஒம்பது தோட்டா போடற ஒண்ணைக் காட்டுறான். விசையை இழுத்துக்கிட்டே இருந்தா போதும், சுட்டுக்கிட்டே இருக்குமாம். பாதி விலைக்கு வெளிநாட்டு சரக்கு ஒண்ணும் வெச்சிருக்கான், தூக்கினா பொம்மை மாதிரி இருக்கு. எனக்கு மாட்டைப் பத்தித் தெரியும். இது உனக்குத்தான் தெரியும்.

அவ அம்மா ஸ்போக்கேனுக்குப் போய் நாலு வருஷமாச்சு. அவளுக்கு நான், எனக்கு அவ, வேற ஆள் இல்ல. அவ சிரிச்சுப் பாக்கணும், அவ்வளவுதான். உடம்பைப் பாத்துக்க.

உன் தம்பி வெர்ன்


பியூட்
மார்ச் 3, 1996

வெர்ன்,

கடிதம் வந்தது. என் கால் முப்பத்திரண்டு வருடங்களாக எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கிறது. மற்றபடி சுகம்.

நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன். பள்ளியில் இப்போது வேலை இல்லை. இருபது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். தலைமை ஆசிரியர் நாற்காலியை என்னிடம் படித்துத் தேறாத ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அதைத் தீர்மானித்த ஏழு பேரில் இருவர் இறந்துவிட்டார்கள். இரண்டு அடக்கத்துக்கும் போனேன், உறுதிசெய்துகொள்ள. இப்போது ஒரு ஹார்ட்வேர் கடையின் பின்னறையில் ஊரார் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஒன்பது தோட்டாக்காரனை விடு. அதன் விசையை இழுக்கப் பதினான்கு வயதுக் கைக்குப் பலம் போதாது. குழல் ஆடும், குறி தவறும், ஒரு மாதத்தில் வெறுத்துவிடுவாள். பாதி விலைச் சரக்கு லேசான உலோகம். ஒரு வருடத்தில் தோட்டா உருளை தளர்ந்து ஆடும். குட்டைக் குழல் வேண்டாம், அது சினிமாக்காரர்களுக்கு. அவளுக்கு வேண்டியது, ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தினால்தான் சுடும் பழைய பாணி ரிவால்வர், உருளையில் ஆறு தோட்டா அறை. முழு எஃகு, ஐந்தரை அங்குலக் குழல். மெதுவானது. மெதுவாக இருப்பதால் சுடுவதற்கு முன் யோசிக்க வைக்கும். நம் வீட்டில் எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. விலை எதுவும் வேண்டாம். அவள் வலது கையை ஒரு தாளில் வைத்து, விரல்களைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து அனுப்பச் சொல். பிடியை அந்த அளவுக்குச் செதுக்குகிறேன்.

மார்னிக்கு என் அன்பு.

ஆர்லோ


சேஜ் கிரீக்
மார்ச் 24, 1996

அண்ணனுக்கு,

நாங்க சுகம். கன்னு போடற சீசன், ரெண்டு பேருக்கும் தூக்கமே இல்ல. நீ சும்மா தர்றேன்னு எழுதினதைப் படிச்சுட்டு மார்னி வீட்டையே ரெண்டாக்கிட்டா. கை வரைஞ்ச தாள் இதோட இருக்கு. பக்கத்துல ஒரு மூக்கு வரைஞ்சிருக்கா, அது நாயோட மூக்காம், கண்டுக்காத.

ஒண்ணு மட்டும் கேக்கணும். புதுசுல கீழ விழுந்தாலும் வெடிக்காத மாதிரி உள்ளயே ஒரு தடுப்பு வெச்சிருக்கானாம். நீ சொல்றது பழைய வகைன்னா அந்தத் தடுப்பு இருக்காதே? புதுசே வாங்கிடட்டுமா? தப்பா நினைக்காத. நீ என்ன சொல்றியோ அதுதான்.

வெர்ன்


பியூட்
ஏப்ரல் 9, 1996

வெர்ன்,

சுகம். தாள் கிடைத்தது. கை உன்னுடையதைப் போல் இல்லை, நம் அம்மாவுடையதைப் போல் நீளம். பட்டறை மேசைக்கு மேல் ஒட்டிவைத்துப் பிடியைச் செதுக்கினேன். வால்நட் மரம், இரண்டு பலகை, நடுவில் ஒரே திருகு.

நீ கேட்டது சரிதான், அந்தத் தடுப்பு இதில் கிடையாது. புதிய வகை மறதியை மன்னிக்கும். மன்னிக்காத கருவியில் பழகியவள் எதிலும் தவறமாட்டாள். விதி ஒன்றுதான். உனக்கு அது தெரியும், தெரியாததுபோல் கேட்கிறாய். அறை ஆறு, தோட்டா ஐந்து. ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு. பிறகு சுத்தியை முழுவதும் பின்னால் இழுத்து, கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல இறக்கினால் அது காலி அறையின் மேல் வந்து உட்காரும். ஆறையும் நிரப்பினால் சுத்தி நேராகத் தோட்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு கல்லின் மேல் விழுந்தால் போதும்.

இதை அவளுக்கு நீயே சொல்லிக்கொடு. ஏன் ஐந்து என்று கேட்டால், காரணத்தையும் நீயே சொல்.

மாடு ஏற்றிப் போகும் ஐரிஸ் அடுத்த மாதம் மைல்ஸ் சிட்டி சந்தைக்கு வருகிறாள். அவள் லாரியில் பெட்டி வரும்.

ஆர்லோ


சேஜ் கிரீக்
மே 12, 1996

அன்புள்ள பெரியப்பா,

நான் மார்னி. நீங்க சுகமா? நான் ரொம்ப ரொம்ப சுகம், நேத்து எனக்குப் பதினாலு முடிஞ்சுது. கேக் கருகிடுச்சு, பரவாயில்ல. எங்க நாய் பிஸ்கட் அந்தக் கருகலையும் தின்னுடுச்சு.

பெட்டி வியாழக்கிழமை வந்துச்சு. பிடி என் கைக்கு எப்படி ஒட்டிக்குது தெரியுமா! கையைக் குடுத்துக் குலுக்கற மாதிரி இருக்கு. ஐரிஸ் அக்கா சொன்னாங்க, “ஆர்லோ எனக்கு ஒரு நட்டு கூட இனாமாக் குடுத்ததில்லடி. நீ யாரு அவனுக்கு?”

அப்பாதான் பெட்டியைத் தொறந்தார். ரிவால்வரை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பாத்தார். முன்னாடி குறி பாக்கற முனை இருக்கே, அதைக் கட்டைவிரலால தடவிக்கிட்டே இருந்தார். அப்புறம் தொப்பி கூடப் போடாம வெளிய போயிட்டார். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து, “இது நேராச் சுடும்”ன்னார். “இன்னும் ஒரு தடவை கூட சுடலையேப்பா, எப்படித் தெரியும்?”ன்னேன். “பாத்தாத் தெரியும்.” அவ்வளவுதான்.

ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு. அப்பா என்னை இருபது தடவை சத்தமாச் சொல்ல வெச்சார். ஏன் ஆறு போடக்கூடாதுன்னு கேட்டேன். “கீழ விழுந்தா வெடிக்கும்”ன்னார். “யாருக்காவது வெடிச்சிருக்கா?”ன்னேன். பம்ப்பைப் பாக்கணும்னு போயிட்டார்.

ரொம்ப நன்றி பெரியப்பா.

மார்னி லுண்டீன்


பியூட்
மே 27, 1996

அன்புள்ள மார்னிக்கு,

நான் சுகம். நீயும் பிஸ்கட்டும் சுகம் என்று படித்துச் சந்தோஷம். கருகலைத் தின்ற நாய்க்கு நிறையத் தண்ணீர் வை.

சில விஷயங்கள். பத்து அடியில் தொடங்கு, பத்துக்குப் பத்து அடித்த பிறகு நாலடி பின்னால் போ. டப்பாவுக்குப் பின்னால் எப்போதும் மண்மேடு இருக்கட்டும், வெறும் வானம் இருக்கக்கூடாது. கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் சுடாதே. தோட்டா இல்லாமல் விசையை அமுக்கி விளையாடாதே. இந்த ரகத் தோட்டாவை அடிவிளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும். உள்ளே தோட்டா இல்லாவிட்டால் ஊசி அறையின் விளிம்பிலேயே மோதிப் பள்ளம் போட்டுவிடும்.

ஐந்துக்கு மேல் போடாதே. என்றாவது ஒருவன் உன்னைப் பார்த்துச் சிரிப்பான். “அஞ்சு கிழவிங்களுக்கு, ஆம்பளைன்னா ஆறு போடணும்” என்பான். அப்படிச் சொல்கிறவனைப் பக்கத்தில் சேர்க்காதே.

சுடும் நாளெல்லாம் குழலைத் துடை. குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கும் முன் பிடியின் திருகைக் கழற்றி, பலகைகளை எடுத்து, உள்ளே உள்ள எஃகுக்கும் எண்ணெய் தடவு. பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று அவர்களுக்கு ஒருநாளும் தெரியாது.

பெரியப்பா ஆர்லோ


சேஜ் கிரீக்
ஜூன் 30, 1996

அன்புள்ள பெரியப்பா,

சுகம்தானே? நாங்க சுகம். பிஸ்கட் முள்ளம்பன்றிகிட்ட மாட்டி மூக்கெல்லாம் முள். குறடு வெச்சுப் பிடுங்கினேன், என்னையே கடிக்க வந்துச்சு.

இருபத்திரண்டு அடியில பதினஞ்சுக்குப் பன்னெண்டு! டப்பா துள்ளி விழறப்ப வர்ற சத்தம் இருக்கே, அதுக்காகவே நாள் பூரா சுடலாம்.

நீங்க மந்திரவாதியா? பக்கத்துப் பண்ணை கஸ் மாமா வந்திருந்தார். நான் அஞ்சு போடறதைப் பாத்துட்டு, “என்ன புள்ள, கிழவி மாதிரி அஞ்சு போடறே? அறை ஆறு இருக்கில்ல? கடவுள் சும்மாவா ஆறு குடுத்தார்?”ன்னார். “ஆறு குடுத்தது கடவுள் இல்ல மாமா, ஃபாக்டரி”ன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். ஆனா அப்பா சிரிக்கல. “கஸ், வீட்டுக்குப் போ”ன்னார். அறுவதைத் தாண்டின மனுஷனை! அப்பா முகமே வெளுத்துப்போச்சு. அந்தக் கிழவி வார்த்தை உங்களுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?

இன்னும் ரெண்டு கேள்வி. கோவிக்கக் கூடாது. நாய் வரைக்கும் விசாரிக்கிறீங்க, அப்பாவை மட்டும் ஒரு தடவை கூட விசாரிக்கலையே, ஏன்? உங்க கால் எப்படி அப்படியாச்சு? அப்பாகிட்டக் கேட்டா, அது பழைய கதைங்கறார்.

மார்னி


பியூட்
ஜூலை 14, 1996

அன்புள்ள மார்னிக்கு,

சுகம். பதினைந்துக்குப் பன்னிரண்டு என்பது உன் வயதில் நான் அடித்ததைவிட அதிகம். முள் எடுத்த இடத்தில் உப்புத்தண்ணீர் வை.

உன் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். என் கால் எப்படி இப்படி ஆயிற்று என்பது சேஜ் கிரீக்கில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். அவர் உன்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார். சொல்ல வேண்டியது அவர். எங்கள் அப்பா, அதாவது உன் தாத்தா, சாகும்வரை அவர் சொன்னதையே நம்பினார். துப்பாக்கியைக் காபந்து பண்ணத் தெரியாதவனுக்கு மாட்டையும் காபந்து பண்ணத் தெரியாது என்று சொல்லி, நிலம் முழுவதையும் யாருக்குக் கொடுத்தார் என்பதை நீ உன் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்.

திருகைக் கழற்ற நான் குளிர்காலம் வரை சொல்லியிருந்தேன். கோடையிலும் வியர்வை இறங்கும். இப்போதே கழற்றிப் பார். சரியான அளவுத் திருப்புளி இதோடு அனுப்பியிருக்கிறேன்.

ஆர்லோ


பியூட்
செப்டம்பர் 2, 1996

மார்னிக்கு,

ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. புல் அறுப்பு வேலை என்று நினைத்துக்கொண்டேன். பள்ளி திறந்திருக்கும். நீ சுகமா? விபத்து ஒன்றும் இல்லையே? ஐரிஸ் உங்கள் பக்கம் போய் வந்தாள். வீட்டு வாசலில் நீ நின்றதாகவும், கை அசைக்கவில்லை என்றும் சொன்னாள்.

திருகு இறுக்கமாக இருந்தால் விட்டுவிடு. அவசரம் ஒன்றும் இல்லை. நானே ஒருமுறை வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன். ஐரிஸிடம் பெட்டியோடு கொடுத்தனுப்பினாலும் சரி.

ஒரு வரி எழுது.

பெரியப்பா


சேஜ் கிரீக்
செப்டம்பர் 22, 1996

ஆர்லோ,

இந்தத் தடவை நலம் கேக்கப் போறதில்ல.

பெட்டியைத் தொறந்த அன்னிக்கே இது உன் முட்டியை உடைச்ச அந்த ரிவால்வர்தான்னு எனக்குத் தெரியும். நீ புதுப் பிடி போட்டே, முன் முனையை மறந்துட்டே. அப்பா அதை அரத்தால ராவினப்ப, பட்டறைல வைஸைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான். அப்பா வித்துத் தொலைச்சதை எங்க தேடிப் பிடிச்சியோ. அனுப்பினவன் பேசுவான்னு காத்திருந்தேன். நீ பேச எம்பொண்ணு உள்ளங்கைதான் கெடச்சுதா?

புல்லுக்கட்டு ஏத்தி முடிச்ச அன்னிக்கு, அவ பிடிப் பலகைக்குள்ள நீ ஒளிச்சு வெச்ச தாளைச் சாப்பாட்டு மேசை மேல வெச்சா. “1963 அக்டோபர் 12. ஆறாவது தோட்டாவைப் போட்டவன் வெர்ன். முட்டி என்னுடையது.” உன் கையெழுத்து எவ்வளவு அழகு, வாத்தியாராச்சே. “நிஜமாப்பா?”ன்னா. ஆமான்னேன். ஆறும் நான்தான் போட்டேன், போட்டு உறையில மாட்டி கேட் தூண்ல தொங்கவிட்டேன், நீ எடுக்கறப்ப கல்லு மேல விழுந்துச்சு. அப்பா பெல்ட்டை உருவிக்கிட்டு யார்டா போட்டதுன்னு கேட்டப்ப, ஆர்லோன்னு சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்.

ரெண்டு வாரம் அவ எங்கூடப் பேசல. தட்டை அடுப்பு மேல வெச்சுட்டு ரூமுக்குப் போயிடுவா. உனக்கு அதுதானே வேணும்? கெடச்சுது. சந்தோஷமா இரு.

அப்புறம் நீ தாள்ல எழுதாம விட்டதையும் சொன்னேன். அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, கன்னுக்குட்டிப் பட்டி கேட் மேல உக்காந்துக்கிட்டு, “அஞ்சு கிழவிங்களுக்குடா, ஆம்பளைன்னா ஆறு போடு”ன்னு எங்கிட்ட சொன்னது யாரு? எனக்குப் பன்னெண்டு வயசு, உனக்குப் பதினேழு. நீ மூக்கைச் சொறிஞ்சா நானும் சொறிவேன். நீ மெச்சணும்னு போட்டேன். வந்து காட்டலாம்னு ஓடி வந்துக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள நீ கேட்டுக்குப் போயிட்ட.

அதை நான் அப்பாகிட்ட சொல்லல. பொய் சொன்னேன், ஆனா அதைச் சொல்லல. நீயும் சொல்லல. உன் முட்டியைக் காட்டிக்கிட்டு ஊரெல்லாம் நடந்தியே, அந்த வார்த்தையை எங்கயாவது சொன்னியா?

வெர்ன்


சேஜ் கிரீக்
அக்டோபர் 12, 1996

பெரியப்பாவுக்கு,

நான் சுகம். இது என்ன தேதின்னு உங்களுக்கே தெரியும்.

உங்க மேல எனக்குக் கோவம். அப்பா மேலயும் இருந்துச்சு. அது வேற கோவம், அவர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கோவப்பட்டதால தீந்துபோச்சு. உங்களைப் பாக்க முடியல. அதனால தீரல.

தாளை நீங்க தபால்ல அனுப்பியிருக்கலாம். என் கையை வரைஞ்சு வாங்கி, அந்தக் கைக்கு அளவா செஞ்சு, அதுக்குள்ள வெச்சிருக்கீங்க. மே, ஜூன், ஜூலை. நான் சுட்ட ஒவ்வொரு தடவையும் அது என் உள்ளங்கைக்குள்ள இருந்திருக்கு. பன்னெண்டு அடிச்சேன்னு குதிச்சப்பவும் இருந்திருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு. எங்க அப்பாவைத் தவிர எனக்கு யாரும் இல்லைன்னும் தெரியும்.

ரிவால்வர் அலமாரி மேல இருக்கு. தொடல. திருப்பி அனுப்பிடலாம்னேன். அப்பாதான், “அது நல்ல துப்பாக்கிம்மா, அது என்ன பண்ணுச்சு?”ங்கறார்.

நீங்க அப்பாகிட்டக் கேளுன்னு எழுதினீங்க. கேட்டேன், சொன்னார். இப்ப உங்களைக் கேக்குறேன். அந்த வார்த்தையை நீங்க சொன்னீங்களா? ஆமாவா, இல்லையா? இல்லைன்னு எழுதினா நான் நம்பமாட்டேன். கஸ் மாமா சொல்றதுக்கு முன்னாடியே அது உங்க கடிதத்துல இருந்துச்சு.

மார்னி


பியூட்
நவம்பர் 3, 1996

மார்னிக்கு,

சுகம் என்று எழுதினால் பொய். எழுதாமல் விடுகிறேன்.

ஆமாம். சொன்னேன். அதே வார்த்தைகள். அப்போது ஆப்பிள் தின்றுகொண்டிருந்தேன், விதையைத் துப்பிவிட்டுச் சொன்னேன். அவன் கண்கள் விரிந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வாரத்தில் மறந்துபோனேன். அவன் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் தாத்தா என் கட்டிலருகே நின்று, ஏன் ஆறு போட்டாய் என்று கேட்டார். நான் போடவில்லை, வெர்ன் போட்டான் என்று கத்தினேன். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அடுத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அவர் கேட்கவில்லை. நான் போடவில்லை என்பதையும் நம்பவில்லை. கேட் மேல் உட்கார்ந்து அவனிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி அதன்பிறகு யாரிடமும் சொன்னதில்லை. சில வருடங்களில் எனக்கே சொல்லிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். நொண்டிக்கொண்டே யாரையாவது வெறுக்க வேண்டியிருந்தது. கைக்கு எட்டினவன் பன்னிரண்டு வயதுக்காரன்.

இதைப் படித்துவிட்டு நான் திருந்திவிட்டதாக நினைக்காதே. அவன் சொன்ன பொய் பொய்தான். அதற்காக நான் இழந்ததை இன்னும் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். ஐம்பது வயதில் மன்னிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு வராது. ஆனால் உன் கை இதில் சேர்ந்ததல்ல. அதை நான் சேர்த்தேன். உன் அப்பா எனக்குச் செய்ததைவிட அது கீழான காரியம். அவனாவது பயத்தில் செய்தான். நான் பட்டறையில் உட்கார்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்று வாரம் செய்தேன்.

ஐரிஸிடம் வேறு இரண்டு பிடிப் பலகைகள் அனுப்பியிருக்கிறேன். பழையதை அடுப்பில் போட்டுவிடு. உன் கை வளர்ந்திருக்கும் என்று குத்துமதிப்பாகக் கொஞ்சம் மரம் கூட விட்டிருக்கிறேன். உள்பக்கம் ஒன்றும் இல்லை. மாட்டுவதற்கு முன் திருப்பிப் பார்த்துக்கொள். என்னிடமிருந்து எது வந்தாலும் இனி அப்படித்தான் பார்க்க வேண்டும். சுட விருப்பம் இல்லையென்றால் அலமாரி மேலேயே இருக்கட்டும்.

நீ வரைந்து அனுப்பிய கை இன்னும் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறது. கேட்டால் அனுப்பிவிடுகிறேன்.

பிஸ்கட்டின் மூக்கு ஆறிவிட்டதா? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது, உங்கள் பக்கம் நாளைக்கு வந்துவிடும். உன் அப்பாவுக்கு முதுகு எப்படி இருக்கிறது?

நான் கேட்டதாக அவனிடம் சொல்லாதே.

ஆர்லோ